வேல்ஸ் கடலோரக் கிராமப்புறத்தில் குடும்பத்துடன் ஒரு வாரம்: எங்கே தங்கலாம், எவற்றைப் பார்க்கலாம்?

ஜூன் மாதக் கடைசியில், பத்து வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகளோடும் முழங்கால் வலியுள்ள தாயாரோடும் லண்டனிலிருந்து காரில் செல்வதாகவும், கூட்டம் மொய்க்காத வேல்ஸ் கடற்கரை ஒன்று வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தின் தென்பகுதியில் வசிக்கும் நான் இதே போன்ற குடும்பத்தோடு நான்கு கோடைகளில் அங்கே போய் வந்தவன். என் பதில், வேல்ஸின் தென்மேற்கில் இருக்கும் பெம்ப்ரோக்ஷயர் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் உள்ள செயின்ட் டேவிட்ஸ் தீபகற்பம். அதிலும், செயின்ட் டேவிட்ஸ் கடைத்தெருவுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு வீட்டை எடுத்து, ஏழு இரவும் அங்கேயே தங்குங்கள்.

இதை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். முதல் முறை தெற்கே டென்பி நகருக்கு அருகில் வீடு எடுத்திருந்தோம். டென்பி அழகான ஊர். மணலில் விளையாடுவது மட்டுமே நோக்கம் என்றால் அதைவிட வசதியான இடம் அந்தப் பக்கத்தில் இல்லை. ஆனால் நாங்கள் பார்க்க விரும்பியவை பெரும்பாலும் வடக்கே இருந்தன. வரைபடத்தில் விரற்கடை அளவாகத் தெரிந்த தூரம் போவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல், வருவதற்கும் அதே அளவு என்று நாளைத் தின்றது. அங்குள்ள ஊர்ச்சாலைகள் பலவும் ஒரு கார் மட்டுமே செல்லும் அகலம் கொண்டவை. இருபுறமும் ஆளுயர மண்கரை, அதன் மேல் புதர்வேலி. அப்படிப்பட்ட ஒரு வளைவில் எதிரே பால் டேங்கர் லாரி வந்து நிற்க, ஒதுங்கும் இடம் கிடைக்கும் வரை நான் பின்னோக்கியே ஓட்ட வேண்டியிருந்தது. என் மனைவி கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று சொல்லிக்கொண்டே வர, வேலிச்செடிகள் பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டே இருந்தன. லாரி ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கி நன்றி தெரிவித்துவிட்டுப் போனார். அந்த ஊரில் நன்றிக்கு அந்த ஒற்றை விரலே போதும்.

கடைத்தெருவுக்கு அருகில் தங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உங்கள் தாயார். அங்கே பார்க்க வேண்டிய இடங்களில் பாதிக்குப் படியேற வேண்டும். அவர் வராத நாளில், தொலைவில் ஒற்றையாக நிற்கும் பண்ணைவீட்டில் அவரை அடைத்து வைப்பதைவிட, தாமாகவே நடந்து போய் ஒரு தேநீர் குடித்து வரக்கூடிய இடம் நல்லது. ரொட்டி, பால் வாங்கச் சிறிய பல்பொருள் கடையும் உண்டு. பெரிய கடைகளுக்கு சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் போக வேண்டும். பருப்பு, மசாலாப் பொடிகளை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.

ஐந்து பேருக்கு ஓட்டலில் இரண்டு அறை எடுப்பதைவிட, சமையலறையோடு கூடிய விடுமுறை வீடு செலவிலும் வசதியிலும் மேல். கோடைக்காலத்தில் இவை பெரும்பாலும் வெள்ளி முதல் வெள்ளி வரை அல்லது சனி முதல் சனி வரை என்று வாரக் கணக்கில்தான் கிடைக்கும். ஜனவரியிலேயே தேடத் தொடங்குவது நல்லது. பழைய கல் வீடுகளில் மாடிப்படி செங்குத்தாகவும் நிலைவாசல் தாழ்வாகவும் இருக்கும் என்பதால், தரைத்தளத்தில் படுக்கையறையும் குளியலறையும் உண்டா என்று உரிமையாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். “கடல் தெரியும்” என்ற சொல்லுக்காகக் கூடுதல் வாடகை கொடுப்பதை நான் விட்டுவிட்டேன். அந்தத் தீபகற்பத்தில் எங்கே நின்றாலும் கடல் சில கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வெளிச்சம் இரவு பத்து மணி வரை இருக்கும் ஜூன் மாதத்தில் வீட்டு ஜன்னலருகே உட்காரும் நேரமும் குறைவு. சமையலறைக்கு வெளிக்காற்று வருமா என்பதையும் பாருங்கள். இரண்டாம் முறை நாங்கள் தங்கிய வீட்டில் கடுகு தாளித்த நொடியில் புகை எச்சரிக்கை மணி அலறி, ஈரத் துண்டை விசிறிக்கொண்டு நின்றேன். கூடாரம் போடும் மைதானங்களும் அங்கே நிறைய உண்டு. ஆனால் அட்லாண்டிக் காற்று எந்தத் தடையும் இல்லாமல் வந்து அறையும் இடம் அது. வயதானவர்களோடு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விடுமுறை வீடுகள் அந்த ஊர்க்காரர்களுக்குக் கசப்பான விஷயம் என்பதையும் அறிந்து செல்வது நல்லது. உள்ளூர் இளையோர் வீடு வாங்க முடியாத நிலையில், பல கிராமங்களில் குளிர்காலத்தில் பாதி ஜன்னல்கள் இருண்டு கிடக்கின்றன. 2023 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 182 இரவுகளாவது உண்மையாக வாடகைக்கு விடப்பட்டால்தான் ஒரு விடுமுறை வீடு, குடியிருப்பு வரிக்குப் பதில் வணிக வரி கட்டும் பட்டியலில் இடம்பெறும் என்று வேல்ஸ் அரசு விதித்தது. உங்கள் தேதிகள் மாறி இலையுதிர்காலத்துக்குப் போனால், மூன்று இரவுக்கும் வீடு தர உரிமையாளர்கள் இசைவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

வீட்டுக்கு அடுத்தபடியாக முன்பதிவு செய்ய வேண்டியது ஸ்கோமர் தீவு. செயின்ட் டேவிட்ஸிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் காரில் போனால் மார்ட்டின்ஸ் ஹேவன் என்ற சிறு படகுத்துறை வரும். அங்கிருந்து படகில் கால் மணி நேரம். நாளொன்றுக்கு அனுமதிக்கப்படுவோர் தொகை சில நூறுக்குள்தான் என்பதால் ஜூன் மாதச் சீட்டுகள் வெகு முன்பே தீர்ந்துவிடும். திங்கட்கிழமைகளில் வழக்கமாகப் படகு கிடையாது. வடக்குக் காற்று பலமாக வீசினால் கரையிறங்க முடியாது என்று காலையில் சொல்லிவிடுவார்கள். எனவே வாரத்தின் முற்பகுதியில் பதிவு செய்து, பின்னால் ஒரு நாளைக் காலியாக வைத்திருங்கள். இறங்கியதும் 87 படிகள் ஏற வேண்டும். உங்கள் தாயாரை அன்று வீட்டில் விட்டுச் செல்வதே சரி. தீவில் உணவு விற்பனை இல்லை. கட்டுச்சோறும் தண்ணீரும் கையோடு இருக்க வேண்டும்.

இத்தனை சிரமமும், மண்ணில் வளை தோண்டிக் கூடு வைக்கும் பஃபின் என்ற கடற்பறவைகளுக்காக. ஏப்ரலில் வரும் இவை ஜூலைக் கடைசிக்குள் கடலுக்குத் திரும்பிவிடும். ஆகஸ்டில் போய் ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர். ஜூன் கடைசியில் வளைக்குள் குஞ்சு இருக்கும் என்பதால் பெற்றோர் இடைவிடாது மீன் கொண்டு வந்துகொண்டிருக்கும். தீவின் தெற்கே விக் என்ற குடாவின் மேல் பாதை பஃபின் வளைகளுக்கு நடுவே செல்கிறது. அங்கே என் மகளின் காலணியிலிருந்து ஒரு முழ தூரத்தில், அலகின் இருபுறமும் வெள்ளி மீசை போல மணல்விலாங்கு மீன்கள் தொங்க, ஒரு பஃபின் வந்து இறங்கியது. நாங்கள் வழியை மறித்து நிற்கிறோம் என்பது புரிய எங்களுக்குச் சிறிது நேரம் பிடித்தது; பின்வாங்கியதும் அது குடுகுடுவென்று பாதையைக் கடந்து வளைக்குள் மறைந்தது. பாதையை விட்டு ஓரடியும் விலகக் கூடாது, மண்ணுக்கடியில் வளை இடிந்துவிடும் என்று பிள்ளைகளிடம் படகிலேயே சொல்லிவிடுங்கள். இன்னொன்றையும் சொல்லி வையுங்கள்: வழியெங்கும் கிழிந்த சிறகுகளும் எலும்புகளும் கிடக்கும். மாங்க்ஸ் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவை சுமார் மூன்றரை லட்சம் இணைகளாக இத்தீவில் கூடு வைக்கிறது. இரவில் மட்டுமே தரைக்கு வரும் அதைப் பெரிய கடற்காகங்கள் கொன்று தின்றுவிட்டுப் போட்ட மிச்சம் அது.

உங்கள் தாயாரையும் அழைத்துச் செல்லக்கூடிய இடம் ஸ்ட்ரம்பிள் என்ற கடல்முனை. கார் நிறுத்துமிடத்திலிருந்தே 1908இல் கட்டிய கலங்கரை விளக்கம் எதிரே தெரியும். சற்றுக் கீழே, போர்க்காலத்துக் கட்டடம் ஒன்று இப்போது கடல் பார்க்கும் கூடமாக இருக்கிறது. நீரோட்டம் சுழியும் வேளையில் அங்கிருந்து பார்பாய்ஸ் என்னும் சிறிய கடல் பாலூட்டிகளின் முதுகுகள் எழுந்து அமிழ்வதைப் பார்க்கலாம். மழை பிடித்துக்கொண்டால் அருகிலுள்ள ஃபிஷ்கார்ட் நகரமன்றத்துக்குப் போய்விடுங்கள். 1797 பிப்ரவரியில் பிரெஞ்சுப் படை இந்தக் கரையில் இறங்கி இரண்டே நாளில் சரணடைந்த கதையை உள்ளூர்ப் பெண்கள் 30 மீட்டர் நீளத் துணியில் தையல் சித்திரமாக்கியிருக்கிறார்கள். கவைக்கோலோடு போய்ப் பன்னிரண்டு வீரர்களைப் பிடித்து வந்ததாகச் சொல்லப்படும் ஜெமைமா நிக்கோலஸ் என்ற பெண்மணியை அதில் தேடிக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு.

நடக்கக்கூடியவர்களுக்கு, அபரெய்தி என்ற கடலோரச் சிற்றூரிலிருந்து போர்த்கைன் துறைமுகம் வரையிலான மூன்று கிலோமீட்டர் நடையைச் சொல்வேன். 1970இல் திறக்கப்பட்ட, மொத்தம் 299 கிலோமீட்டர் நீளமுள்ள பெம்ப்ரோக்ஷயர் கடலோர நடைபாதையில் ஒரு சிறு துண்டு இது. கைவிடப்பட்ட பலகைக்கல் சுரங்கத்துக்குள் கடல் புகுந்து உண்டான நீலக்குளம் தொடக்கத்திலேயே இருக்கிறது. முடிவில், சாலைக்கான கருங்கல்லை உடைத்துக் கப்பலேற்றிய செங்கல் தொட்டிகள் துறைமுகத்தை அடைத்தபடி நிற்கின்றன. நடுவே ஒரு மணற்கரை இரும்புப் படிகளால் அழைக்கும். கடல் ஏறி இறங்கும் ஓத நேர அட்டவணையைப் பார்க்காமல் இறங்காதீர்கள், ஏற்றத்தில் இரு முனைகளும் மூடிக்கொள்ளும். பாதையின் ஓரம் பல இடங்களில் வேலி இல்லாத செங்குத்துப் பாறை என்பதால் சின்னவர் கையை விடக் கூடாது. கோடையில் ஓடும் கடலோரச் சிற்றுந்தைக் கைகாட்டி நிறுத்தி, காரை விட்ட இடத்துக்குத் திரும்பலாம்.

செயின்ட் டேவிட்ஸ் பேராலயம் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம்தான். மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தொடாத அவ்வூருக்கு நகரம் என்ற தகுதி கிடைத்ததும் அதனால்தான். 1181இல் கட்டத் தொடங்கிய இவ்வாலயம் பள்ளத்தில் பதுங்கியிருப்பதால் அருகில் போகும் வரை கோபுரம்கூடத் தெரியாது. தரை மேற்கிலிருந்து கிழக்குக்கு நன்றாகவே ஏறிக்கொண்டு போவதை உங்கள் தாயாரின் முழங்கால் முதலில் சொல்லிவிடும். வாயிலிலிருந்து இறங்கும் 39 படிகளைத் தவிர்க்க, சுற்றிச் செல்லும் சாலையில் போங்கள். கடலில் ஆட அருகிலுள்ள வைட்சாண்ட்ஸ் கடற்கரை போதும். தண்ணீர் ஜூனிலும் பல் கிட்டும் குளிர். பிள்ளைகளுக்கு நீச்சல் ரப்பர் உடை வாடகைக்கு எடுத்துவிடுங்கள்.

வேல்ஸில் 2023 செப்டம்பர் முதல் குடியிருப்புச் சாலைகளில் வேக வரம்பு பொதுவாக மணிக்கு 20 மைல் என்பதையும் கணக்கில் கொண்டு, வந்து சேர ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். கடைசி நாள் காலை பத்து மணிக்கெல்லாம் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் போகும் சாலை நியூகேல் என்ற இடத்தில் கடற்கரையை ஒட்டியே இறங்கும். மாற்றுடையைக் காரில் மேலாக வைத்திருந்தால் பிள்ளைகள் அங்கே இன்னும் ஒரு மணி நேரம் அலையாடிவிட்டு வரலாம்.