முகவர் எழுதிய பொய்க்கணக்குக்கு யார் பொறுப்பு?

கேள்வி: 2019 முதல் சீனாவிலிருந்து புளூடூத் ஸ்பீக்கர்களை வரவழைத்து எங்கள் சொந்த பிராண்டில் விற்று வருகிறோம். உற்பத்தி எதுவும் செய்வதில்லை. மின்னணுக் கழிவு விதிகள் மாறியபோது, நீண்டகால நண்பர் ஒருவர் “எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று பணம் வாங்கிக்கொண்டு எங்கள் நிறுவனத்தைப் பதிவு செய்து தந்தார். இப்போது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நோட்டீஸ் வந்திருக்கிறது. நாங்கள் காட்டிய விற்பனை அளவு, ஜி.எஸ்.டி. கணக்கில் உள்ளதில் கால் பங்குகூட இல்லையாம். அவர் குறைத்துப் பதிந்தது எனக்குத் தெரியாது. பொருளைத் தயாரித்தது சீன நிறுவனம். பதிவே செய்யாத பலர் எங்களைவிடக் குறைந்த விலையில் விற்கிறார்கள். நேர்மையாக நடக்க நினைத்த எனக்கு மட்டும் ஏன் தண்டனை? நண்பர் வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்கிறார். எனக்கு அது போதாது. மோசடிப் புகார் கொடுத்து அவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டும். எங்கள் ஆண்டு விற்பனை ஆறு கோடி ரூபாய்.

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி நண்பரைப் பற்றியது. உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நோட்டீஸுக்குப் பதில் எழுதும்போது அதில் ஒரு வரிகூட உதவாது. வாரியம் உங்களிடம் கேட்டிருப்பது ஒன்றுதான்: இந்த நிறுவனத்தின் பெயரில் பதிவான அளவு உண்மையா, இல்லையா? பதிவு உங்கள் நிறுவனத்தின் பெயரில், உறுதிமொழி உங்கள் நிறுவனத்தின் பெயரில். விசைப்பலகையைத் தட்டியது யார் என்பது உங்களுக்கும் நண்பருக்கும் இடையிலான கணக்கு.

தயாரித்தவர் சீனாவில் இருக்கிறார் என்ற வாதத்தையும் கைவிட்டுவிடுங்கள். இறக்குமதி செய்து விற்பவரும், பிறர் தயாரித்ததைத் தன் பிராண்டில் விற்பவரும் விதிகளின்படி உற்பத்தியாளர்தான். போட்டியாளர்கள் பதிவு செய்யவில்லை என்பது அவர்களுடைய ஆபத்து, உங்களுக்கான விலக்கு ஆகாது. பழைய 2016 விதிகளின் பட்டியலில் 21 வகைப் பொருள்களே இருந்தன. ஸ்பீக்கர் வியாபாரிகள் அதைத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லாமல் இருந்தது உண்மை. 2023 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த 2022 விதிகள் அந்தப் பட்டியலை 106 ஆக விரித்துவிட்டன. ஒலியைப் பதியும், ஒலிக்கும் கருவிகள் அதில் இருக்கின்றன.

நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்த விதிகள் குறு நிறுவனங்களுக்குப் பொருந்தாது. 2025 மார்ச் 31 வரை முதலீடு ஒரு கோடிக்கும் விற்றுமுதல் ஐந்து கோடிக்கும் உட்பட்டிருந்தால் குறு நிறுவனம். ஏப்ரல் 1 முதல் அந்த வரம்பு இரண்டரைக் கோடி, பத்துக் கோடி. ஆறு கோடி என்று ஒரே எண்ணை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஆண்டுவாரியாக வேண்டும். உத்யம் சான்றிதழில் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) ஒவ்வொரு ஆண்டும் என்ன வகைப்பாடு இருந்தது என்று எடுத்து வையுங்கள். ஆனால் இதன்மேல் முழு பாரத்தையும் ஏற்றாதீர்கள். உங்களுடையது வாங்கி விற்கும் தொழில். வணிகர்களின் உத்யம் பதிவு முன்னுரிமைக் கடன் பெறுவதற்கு மட்டுமே என்று மத்திய அரசு 2021 ஜூலையில் தெளிவுபடுத்தியிருக்கிறது. வாரியத்தின் வழக்கறிஞர் அந்தக் குறிப்பாணையைத்தான் முதலில் நீட்டுவார். மாற்று வாதமாக எழுதுவோம்; அது நிற்கும் என்று நம்பி மற்றதைச் செய்யாமல் இருக்க முடியாது.

இனி, என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது. இந்த நோட்டீஸ் வந்த பிறகு வழக்கறிஞரிடம் வரும் கட்சிக்காரர்கள் செய்யும் காரியங்கள்தான் பெரும்பாலும் அவர்களைக் கவிழ்க்கின்றன.

முதல் காரியம், பொய்யை நியாயப்படுத்த இன்னொரு பொய்யைத் தயாரிப்பது. மனைவி பெயரில் உள்ள நிறுவனத்துக்குச் சரக்கை மாற்றியதாகப் பழைய தேதியிட்டு ரசீது போடுவார்கள். “திரும்பி வந்த சரக்கு” என்று ஒரு பட்டியல் கட்டுவார்கள். உங்கள் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிப் படிவம், சுங்கத்துறையிடம் இருக்கிறது, விற்பனைக் கணக்கு ஜி.எஸ்.டி. துறையிடம் இருக்கிறது. இவ்விரண்டையும் நீங்கள் வாரியத்துக்குக் காட்டுவதையும் அருகருகே வைத்துப் பார்க்க ஓர் அதிகாரிக்கு அரை மணி நேரம் போதும். விற்ற எடைக்கு ஏற்பக் கழிவை மறுசுழற்சி செய்விக்க வேண்டிய இலக்கை எட்டவில்லை என்றால் அது பணத்தால் தீரும் விஷயம். தவறான தகவல் தந்தது உறுதியானால் பதிவை மூன்று ஆண்டுகள் வரை ரத்து செய்ய வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. பதிவில்லாமல் நீங்கள் தொழில் நடத்த முடியாது. மூன்று ஆண்டுகள் சரக்கு இறக்காமல் தாக்குப்பிடிப்பீர்களா? கூடவே சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. 2024 ஏப்ரல் முதல் அதில் சிறைக்குப் பதில் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் என்று ஆக்கியிருக்கிறார்கள். இதைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டாம். அந்த அபராதத்தை 90 நாள்களுக்குள் கட்டாவிட்டால் மூன்று ஆண்டுகள் வரை சிறை உண்டு. இப்போது புதிதாகப் போலி ஆவணம் உருவாக்கினால் அது தனிக் குற்றம். அதற்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது.

இரண்டாவது, மலிவான சான்றிதழ். இலக்கு அளவு கழிவு மறுசுழற்சி ஆனதைக் காட்டும் இ.பி.ஆர். (உற்பத்தியாளரின் நீட்டித்த பொறுப்பு) சான்றிதழைச் சொல்கிறேன். நோட்டீஸ் வந்த செய்தி எப்படியோ கசிந்து, உங்களுக்கு இந்நேரம் அழைப்புகள் வந்திருக்கும். பாதி விலையில் இ.பி.ஆர். சான்றிதழ், இன்றே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம் என்பார்கள். வாட்ஸ்அப்பில் வருவது வெறும் காகிதப் படம். பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடமிருந்து, வாரியத்தின் இணையதளம் வழியாக உங்கள் கணக்குக்கு மாறினால்தான் அது சான்றிதழ். 2024 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் கீழ்வரம்பு விலையும் இருக்கிறது: இலக்கை எட்டாதவர் கட்ட வேண்டிய சுற்றுச்சூழல் இழப்பீட்டுத் தொகையில் 30 விழுக்காடு. அதைவிடக் குறைத்து யாராவது தந்தால் அங்கேயே பேச்சை முறித்துக்கொள்ளுங்கள். இந்த விலை நிர்ணயத்தை எதிர்த்துப் பெரிய நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றிருப்பதைச் சுட்டிக்காட்டி, “தீர்ப்பு வரட்டும், பொறுங்கள்” என்று சிலர் சொல்வார்கள். அவர்களால் பொறுக்க முடியும். உங்கள் நோட்டீஸில் கெடு போட்டிருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது: உண்மையான அளவை நீங்களே முன்வந்து தாக்கல் செய்து, குறையை ஒப்புக்கொண்டு, சான்றிதழ் வாங்கி, இழப்பீடு விதித்தால் கட்டிவிடுவது. இதில் நியாயமாகவே குறைக்கக்கூடிய இடங்கள் உண்டு. கடமை எடைக் கணக்கில் வருகிறது. பேக்கிங் லிஸ்ட்டில் உள்ள மொத்த எடையில் அட்டைப்பெட்டியும் தெர்மகோலும் சேர்ந்திருக்கும். கருவியின் எடையை மட்டும் எடுங்கள். உள்ளே இருக்கும் பேட்டரிக்கு 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகள் தனியாக இருக்கின்றன. அதில் பதிவு செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள்; இல்லையென்றால் அடுத்த நோட்டீஸ் அதற்குத்தான். உங்கள் பொருளுக்கு விதிகள் குறித்துள்ள சராசரி ஆயுள் எத்தனை ஆண்டு என்பதும் முக்கியம். இலக்கு அத்தனை ஆண்டுகளுக்கு முன் விற்ற அளவின்மேல் கணக்கிடப்படுகிறது: 2024-25 வரை 60 விழுக்காடு, அடுத்த இரண்டு ஆண்டுகள் 70, பிறகு 80. விற்பனை தொடங்கி அந்த ஆயுள் அளவு ஆண்டுகள் ஆகாதவர்களுக்குத் தனி அட்டவணை. அதில் விழுக்காடு மிகக் குறைவு. 2019-ல் தொடங்கிய உங்களுக்கு எது பொருந்தும் என்று உங்கள் நண்பர் பார்த்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

சீக்கிரம் செய்தால் லாபமும் உண்டு. இழப்பீடு கட்டிய பிறகும் கடமை தீராது, அடுத்த ஆண்டுக்கு நகரும். ஆனால் ஓராண்டுக்குள் குறையை நிரப்பினால் கட்டியதில் 85 விழுக்காடு திரும்பக் கிடைக்கும். இரண்டாண்டில் 60, மூன்றாண்டில் 30. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

மோசடிப் புகார் வேண்டாம். நான் இதை மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை. புகாரில் முதல் வரியே “என் நிறுவனத்தின் பெயரில் பொய்யான அளவு தாக்கல் செய்யப்பட்டது” என்றுதான் இருக்கும். அது உங்கள் கையெழுத்துடன் வாரியத்தின் கோப்புக்குப் போய்ச் சேரும். விசாரணையில் நண்பர் உங்கள் பழைய வாட்ஸ்அப் செய்திகளை எடுப்பார். “செலவு அதிகமாகிறது, கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்” என்று என்றைக்காவது அனுப்பியிருந்தால், உங்களுக்குத் தெரியாது என்ற வாதம் அந்த ஒரு வரியில் போய்விடும். இப்படிப் புகார்தாரரே குற்றம்சாட்டப்பட்டவராக மாறியதை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படி அனுப்பியிருக்கிறீர்களா? பதில் எனக்கு நேரில் வேண்டும், கடிதத்தில் வேண்டாம்.

அவர் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தைவிட முக்கியமானவை அவரிடம் இருக்கின்றன: இணையதளக் கடவுச்சொல், டிஜிட்டல் கையொப்பச் சாதனம், தாக்கல் செய்த படிவங்கள், வாரியத்திலிருந்து வந்த மின்னஞ்சல்கள். இவை கைக்கு வரும்வரை “இனி ஒருவர்மீது ஒருவருக்குக் கோரிக்கை இல்லை” என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். “எல்லாப் பொறுப்பும் முகவருடையது” என்று அவரிடம் எழுதி வாங்குவதில் காலத்தைச் செலவிடவும் வேண்டாம். அந்தத் தாள் வாரியத்தைக் கட்டுப்படுத்தாது.

கணக்குக்கான ஓ.டி.பி. இன்றும் அவருடைய கைப்பேசிக்குத்தான் போகிறது என்றால், வேறு எதற்கும் முன்னால் அந்த எண்ணை மாற்றுங்கள். பிறகு கெடு முடியும் முன்பே, ஆண்டுவாரியான உண்மை அளவைத் தாக்கல் செய்ய அவகாசம் கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள். அந்தக் கடிதத்தில் நண்பரின் பெயர் வரக்கூடாது.