கண் திறக்கும் பழைய பொம்மை: எரித்துவிடலாமா?

கேள்வி: பழம்பொருள் கடையில் வாங்கிய பெரிய பொம்மை. படுக்கவைத்தால் கண்ணை மூடும். ஆனால் சில நாள் காலையில் பார்த்தால் திறந்திருக்கிறது. அலமாரியை நகர்த்தியபோது ‘மா... மா’ என்று அழுதது. சாபம் ஏதாவது இருக்குமா? எரித்துவிடலாமா?

பதில்: எரிக்க மட்டும் வேண்டாம். அந்தக் காலப் பொம்மைகளில் பல செல்லுலாய்டு என்ற ஆரம்பகாலப் பிளாஸ்டிக்கில் செய்தவை. தீ பட்டால் குப்பென்று பிடிக்கும். விரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாடை அடித்தால் செல்லுலாய்டுதான், அதன் தயாரிப்பில் கற்பூரம் சேரும். அடுப்பு, விளக்குப் பக்கம் வைக்காதீர்கள்.

இமைக்கும் கண்களுக்குப் பின்னால், தலைக்குள் ஒரு ஈயக்குண்டு தொங்கும். நிமிர்த்தினால் கண் திறக்கும், சாய்த்தால் மூடும். பழசாகும்போது அச்சு இறுகி பாதியில் சிக்கிக்கொள்ளும். அப்புறம் யாரோ கதவை அறைந்து சாத்தினால் பட்டென்று விடுபடும். அழுகை வயிற்றிலிருந்து வருகிறது. அங்கே ஒரு சின்னத் துருத்தி, அதன்மேல் ஒரு எடை. பொம்மை சாயும்போது எடை துருத்தியை அமுக்கும், காற்று வெளியேறிக் குரலாகும். நீங்கள் அலமாரியை நகர்த்தும்போது அது சாய்ந்திருக்கும், அவ்வளவுதான்.

சாபக் கதைகளோ பெரும்பாலும் பொம்மைக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்பவை. அமெரிக்காவின் கீ வெஸ்டில் சாபம் பிடித்தது என்று பேர் வாங்கிய ‘ராபர்ட்’ என்ற பொம்மை இருக்கிறது. 1904 வாக்கில் ஜெர்மனியின் ஸ்டைஃப் நிறுவனம் செய்தது. மாலுமி உடை, உள்ளே மரச்சுருள். வைத்திருந்த சிறுவன் தன் குறும்புக்கெல்லாம் ‘ராபர்ட்தான் செய்தான்’ என்பானாம். (எந்த வீட்டுப் பிள்ளைதான் சொல்லாது?) 1994-இல் அருங்காட்சியகத்துக்குப் போனபின் புகழ் எங்கேயோ போய்விட்டது. கேட்காமல் படம் எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டு அதற்குக் கடிதங்கள் வருகின்றன! பேய்ப்படங்களில் வரும் ‘அனபெல்’ பொம்மை இன்னும் வேடிக்கை. நிஜத்தில் அது கம்பளிநூல் முடி வைத்த சாதுவான துணிப்பொம்மை. பயங்கர முகம் சினிமா கொடுத்தது.

இதெல்லாம் தெரிந்தும் மனசு ஒப்பவில்லை என்றால் அதுவும் இயல்புதான். ஏறக்குறைய மனிதமுகம், ஆனால் முழுசாக இல்லை என்னும்போது ஒருவித அருவருப்பு வரும் என்று ஜப்பானியப் பொறியாளர் மசாஹிரோ மோரி 1970-இலேயே எழுதினார். அந்த நாட்டில் பழைய பொம்மைகளைக் குப்பையில் போட மனமில்லாதவர்கள் கோயிலில் கொடுத்து, சடங்கு செய்து வழியனுப்புகிறார்கள்.

நீங்கள் படுக்கையறையிலிருந்து எடுத்து, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். விற்க நினைத்தால் கழுத்தின் பின்புறம் முடியை ஒதுக்கிப் பாருங்கள். தயாரிப்பாளர் முத்திரையோ எண்ணோ இருந்தால் சேகரிப்பாளர்களே தேடி வருவார்கள். கண் சிக்குவதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பழுதுபார்ப்பவருக்கு அது சின்ன வேலைதான்.