படையெடுக்காமலேயே வல்லரசுகள் பிற நாடுகளைத் தம் பிடியில் வைத்திருப்பது எப்படி?

வல்லரசின் செல்வாக்கைப் படைபலத்தைக் கொண்டு மட்டும் அளப்பது போதாது. பிற நாடுகள் அன்றாடம் சார்ந்திருக்கும் பணமும் கடனும் யார் கையில் இருக்கின்றன என்பதே முதன்மையானது என்று கருதுகிறேன்.

1956-இல் எகிப்து சூயஸ் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமையாக்கியதையடுத்து, பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலுடன் சேர்ந்து அந்நாட்டின் மீது படையெடுத்தன. அதை எதிர்த்த அமெரிக்கா ஆயுதத்தைத் தொடவில்லை; தன் நாணயமான பவுண்டின் மதிப்பைக் காக்கப் பிரிட்டனின் டாலர் கையிருப்பு கரைந்துகொண்டிருந்த வேளையில், நெருக்கடியிலுள்ள நாடுகளுக்குக் கடன் தரும் பன்னாட்டு நாணய நிதியத்தின் உதவி அதற்குக் கிடைக்காதவாறு முட்டுக்கட்டை போட்டது. பிரிட்டன் போர்நிறுத்தத்துக்கு இணங்கி, டிசம்பர் முடிவதற்குள் படைகளை விலக்கிக்கொண்டது. நெருங்கிய நட்பு நாட்டுக்கே இந்தக் கதி என்றால், சிறிய நாடுகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இன்றும் அந்நிதியத்தின் மிக முக்கியமான முடிவுகளுக்கு 85 விழுக்காடு வாக்குகள் வேண்டும். அமெரிக்காவிடம் 16 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால், அதன் இசைவின்றி அவை நிறைவேறா.

ஆயுத விற்பனையும் நீண்டகாலப் பிணைப்பே. போர் விமானம் வாங்கிய நாடு உதிரிபாகங்களுக்கும் பயிற்சிக்கும் பல்லாண்டுகள் விற்றவரையே நாட வேண்டியிருக்கிறது.

வெறும் படைபலத்தால் பெற்ற பிடி அவ்வளவு உறுதியானதன்று. அதே 1956 நவம்பரில் சோவியத் டாங்கிகள் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் மக்கள் எழுச்சியை நசுக்கின. ஆனால் 1989-இல் மாஸ்கோ படை அனுப்ப முன்வராதபோது, கிழக்கு ஐரோப்பாவில் அதன் ஆதரவு ஆட்சிகள் சில மாதங்களிலேயே சரிந்தன.