கரன்ட் கேள்விகள்: மெஷினில் சோதனைச் சீட்டு கட்டினால் சரியாகிவிடுமா?

(கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் 31 ஆண்டுகள் மின் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பதிலளிக்கிறார்)

கேள்வி: முதலியார்பேட்டையில் ஆறு மெஷின் வைத்துத் தையல் யூனிட் நடத்துகிறேன். எல்லாவற்றுக்கும் சர்வோ மோட்டார் மாற்றியதிலிருந்து மெஷின் தலையில் கை பட்டால் சுர்ரென்கிறது. வெறுங்காலில் உட்காருகிறவர்களுக்கு இன்னும் அதிகம். வயர்மேன், "சர்வோன்னா அப்படித்தான், ரப்பர் மேட் போடுங்கம்மா" என்கிறார். சரிதானா ஐயா? — வாசகி, புதுச்சேரி

பதில்: அவர் சொன்னதில் பாதிதான் சரி அம்மா. சர்வோ பெட்டிக்குள் ஃபில்டர் என்று ஒன்று இருக்கும். ஃபேஸிலிருந்து பாடிக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து பாடிக்கு ஒன்று என்று அதில் இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள். அவற்றின் வழியே கசிகிற கொஞ்ச கரன்ட் எர்த் வயரில் இறங்கிப் போய்விட வேண்டும். எர்த் இல்லாவிட்டால் பாடி நடுவில் தொங்கும். மீட்டர் வைத்தால் 230-ல் பாதி, 115 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். கரன்ட் சொற்பம் என்பதால் சுர்ரோடு நிற்கிறது.

ஆக, உங்கள் மெஷின்களுக்கு எர்த் இல்லை. என்றைக்காவது ஒரு வயர் பெடலில் நசுங்கி ஃபேஸ் நேராகப் பாடியில் பட்டால், போர்டில் இருக்கிற எம்.சி.பி. (ட்ரிப் ஸ்விட்ச்) விழாது. தொடுகிற பெண்ணின் உடம்புதான் எர்த் வயர். ரப்பர் மேட் போட்டால் சுர் தெரியாமல் போகும். இப்போது கிடைத்துக்கொண்டிருக்கிற ஒரே எச்சரிக்கையும் போய்விடும்.

பிளக்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பழைய டூ பின் சாக்கெட்டில் நுழைய வேண்டும் என்பதற்காக எர்த் பின்னையே கழற்றி எறிந்திருப்பார்கள். எனக்குத் தெரிந்த பல யூனிட்டுகளில் அதுதான் கதை. த்ரீ பின்னில் எர்த் பின் மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது அழகுக்கு இல்லை. செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும். பிளக் சரியாக இருந்தால் சாக்கெட்டைப் பாருங்கள். எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லாத சாக்கெட்டுகள் உண்டு. கடற்கரைப் பக்கம் என்றால் பித்தளைப் பின்னில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், அதையும் சுரண்டி எடுக்க வேண்டும். போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கிற ஸ்விட்ச்) ஒன்றும் போட்டுவிடுங்கள். அதைப் போட்டுவிட்டோம் என்று எர்த்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அயர்ன் பாக்ஸைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் சும்மா கிடந்த அயர்ன் பாக்ஸின் காயில் ஈரம் குடித்திருக்கும். காயிலுக்குள் அடைத்திருக்கிற பவுடர் அப்படிப்பட்டது. மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர்) வைத்துப் பார்க்கும்போது தெர்மோஸ்டாட்டை ஆன் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் காயில் சோதனையிலேயே வராது, வெறும் வயரைச் சோதித்துவிட்டு "சூப்பரா இருக்கு" என்று போய்விடுவார்.

கேள்வி: என் மகன் மெல்போர்னில் கட்டட வேலை செய்கிறான். அங்கே ஒவ்வொரு டிரில் வயரிலும் கலர் கலராகச் சீட்டு கட்டியிருக்கிறார்களாம். எதற்கு? — வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: சோதித்தாயிற்று என்பதற்கு அடையாளம். யார் சோதித்தார், என்றைக்கு, அடுத்தது எப்போது என்று அதில் எழுதியிருக்கும். கட்டுமான இடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை சிவப்பு, பிறகு பச்சை, நீலம், மஞ்சள் என்று மாறிக்கொண்டே போவது அங்கே வழக்கம். தூரத்திலிருந்தே ஃபோர்மேனுக்குத் தெரிந்துவிடும். தொழிற்சாலை, ஒர்க்‌ஷாப் என்றால் ஆறு மாதம். அலுவலகத்தில் ஆடாமல் அசையாமல் இருக்கிற கம்ப்யூட்டருக்கு ஐந்து ஆண்டு வரைகூட விடுவார்கள். எது அதிகம் அடிபடுகிறதோ அதற்கு அடிக்கடி. நம் ஊரில் உப்புக்காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். என்னைக் கேட்டால் புரட்டாசியில் ஒன்று, மழை விட்டபின் தை மாதம் ஒன்று.

கேள்வி: சிப்காட்டில் ஷட்டவுன் (ஆலையை நிறுத்திவைத்துச் செய்கிற பராமரிப்பு) வேலை எடுத்திருக்கிறேன். டேக் (சோதனைச் சீட்டு) இல்லாத கிரைண்டரை கேட்டிலேயே நிறுத்துகிறார்கள். ஒருவர் ஒரு மணி நேரத்தில் நாற்பது மெஷினுக்கு டேக் கட்டித் தருகிறேன் என்கிறார். கட்டிக்கொள்ளலாமா? — கான்ட்ராக்டர், குறிஞ்சிப்பாடி

பதில்: ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். அதற்குள் பிளக்கைத் திறந்து மூடவே முடியாது தம்பி.

நானும் அந்தத் தப்பைச் செய்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஷட்டவுனுக்கு முந்தின நாள், சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முப்பது மெஷினுக்குமேல் கையெழுத்துப் போட்டேன். மல்டிமீட்டர் 'பீப்' என்றது, சீட்டு கட்டினேன். மறுநாள் அதில் ஒரு டிரில் ஹெல்பர் பையனைத் தூக்கி எறிந்தது. நெற்றியில் புடைப்போடு பிழைத்தான். திறந்து பார்த்தால், கேபிள் உள்ளே நுழைகிற இடத்தில் எர்த் வயர் ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கு அந்த இழையும் அறுந்து, பக்கத்தில் தோல் உரிந்த ஃபேஸ் இரும்புப் பாடியைத் தொட்டுவிட்டது. வயரில் என் சீட்டு புத்தம் புதிதாகத் தொங்கியது.

ஒற்றை இழைக்கும் மீட்டர் பீப் அடிக்கும். பல மீட்டர்கள் இருபது, முப்பது ஓம்ஸுக்குக்கூட அடிக்கும். சத்தத்தைக் கேட்காமல் எண்ணைப் பாருங்கள். ஒரு முனை எர்த் பின்னில், மறு முனை பெயின்ட் இல்லாத ஸ்க்ரூவில். ஒரு ஓம்ஸுக்குள் வர வேண்டும். அப்படியே வைத்துக்கொண்டு, பிளக் பக்கமும் மெஷின் பக்கமும் கேபிளை மடக்கி ஆட்டுங்கள். எண் துள்ளினால் கேபிளை மாற்றுங்கள். இதற்கென்றே இருக்கிற டெஸ்டர் கருவி கூடுதல் கரன்ட் அனுப்பிப் பார்க்கும், அது இன்னும் நம்பகம். பிறகு பிளக்கின் ஃபேஸ் பின்னையும் நியூட்ரல் பின்னையும் ஒன்றாகச் சேர்த்து, அங்கிருந்து பாடிக்கு 500 வோல்ட் மெகர். ஸ்விட்ச் ஆனில் இருக்கட்டும். ஒரு மெகஓம்ஸுக்குக் கீழே வந்தால் தனியே எடுத்து வையுங்கள்.

பெயர்ப் பலகையில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் அது டபுள் இன்சுலேஷன், அதற்கு எர்த் தேடாதீர்கள். நடுவே இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு இருந்தால் மீட்டரையே எடுக்க வேண்டாம். வெட்டிவிடுங்கள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு அவர் கையெழுத்துப் போட்டால் கட்டிக்கொள்ளுங்கள். நாற்பதுக்கு இரண்டு நாளாவது கேட்பார்.

கேள்வி: மீன்பிடித் துறைமுகத்தில் பம்ப் ஓட்ட எக்ஸ்டென்ஷன் டிரம் வைத்திருக்கிறோம். வயர் சூடாகி ஒட்டிக்கொள்கிறது. — வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: டிரம்மில் சுற்றியபடியே ஓட்டுகிறீர்கள். முழுவதும் அவிழ்த்துப் போட்டு ஓட்டுங்கள். ஏற்கெனவே ஒட்டிப்போன வயர் இனி உதவாது. புதிதாக வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து, பம்பின் ஆம்பியருக்கு ஏற்ற தடிமனில் த்ரீ கோராக (எர்த்தோடு சேர்த்து மூன்று வயர்) வாங்குங்கள். பழையதைக் கொடிக்கயிறாகக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், யாராவது அதற்கும் ஒரு பிளக் மாட்டிவிடுவார்கள்.