ஆர்.வி.ல டெத் வேலிக்கா? முதல்ல வண்டி எத்தனை அடின்னு சொல்லுங்க

கேள்வி: அக்கா, நாங்க கலிபோர்னியால ஃப்ரீமான்ட்ல இருக்கோம். டிசம்பர் லீவுக்கு ஊர்லருந்து மாமியார் வர்றாங்க, மொத்தம் 5 பேர். ஆர்.வி. (உள்ளயே படுக்கை, சமையலறை, பாத்ரூம் இருக்கற வண்டி) வாடகைக்கு எடுத்து டெத் வேலி பாலைவன நேஷனல் பார்க்குக்குப் போலாம்னு வீட்டுக்காரர் 30 அடி வண்டி பாத்து வச்சிருக்கார். சரியா வருமா?

பதில்: போங்க, டிசம்பர் நல்ல மாசம். ஆனா அந்த 30 அடி வேணாம்னு அவர்கிட்ட சொல்லுங்க. நாங்களும் அதே மாதிரி பெருசா எடுத்துட்டுப் போய் முழிச்சவங்கதான். ஆர்டிஸ்ட்ஸ் டிரைவ்னு 9 மைல் ஒருவழிப் பாதை, மலை பூரா பச்சை, ரோஸ், ஊதான்னு மண்ணு கலர் கலரா இருக்கும், பசங்க அதுக்காகவே வந்தாங்க, வாசல்ல போய் நின்னா 25 அடிக்கு மேல உள்ள வண்டிக்கு அனுமதி இல்லைன்னு போர்டு! டான்டேஸ் வியூவோட கடைசி ஏத்தத்துக்கும் அதே 25 அடி கணக்குதான். 5,475 அடி உயரத்துலருந்து பேட்வாட்டர் உப்புத்தரைய மொத்தமா பாக்கற இடம் அது, அதையும் விட்டுட்டு வந்தோம். பேட்வாட்டருக்கு மட்டும் பெரிய வண்டியும் போகும், கடல்மட்டத்துக்கு 282 அடி கீழ நின்னு போட்டோ எடுத்ததோட சரி.

நீங்க வர்ற பக்கத்துலருந்துன்னா டவுன் பாஸ்ங்கற மலைக் கணவாய் தாண்டணும். கிட்டத்தட்ட 5,000 அடி ஏறி அந்தப் பக்கம் கடல்மட்டம் வரைக்கும் இறங்கற ரோடு. ஏறும்போது இஞ்சின் சூடாகுதுன்னா ஏசிய அணைச்சிடுங்க, இறங்கும்போது பிரேக்கையே மிதிச்சிட்டு வராம லோ கியர்ல போட்டு மெதுவா வாங்க, பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும். பெட்ரோல வழியில ரிட்ஜ்கிரெஸ்ட் ஊர்லயே ஃபுல் பண்ணிடுங்க, பார்க்குக்குள்ள விலை கேட்டா நெஞ்சு வலிக்கும்.

கேள்வி: கரண்ட், தண்ணியெல்லாம் அங்க கிடைக்குமா? நாங்க மூணு வேளையும் சமைக்கறவங்க.

பதில்: பார்க்குக்குள்ள இருக்கற ஃபர்னஸ் க்ரீக் கேம்ப்கிரவுண்ட்ல கரண்ட், தண்ணி, கழிவுநீர் மூணும் இருக்கற இடம் 18தான், ஆறு மாசம் முன்னாடியே புக்கிங் திறந்துடும், அதனால இப்பவே போய் பாருங்க. கிடைக்கலன்னா பக்கத்துல சன்செட்னு இன்னொரு கேம்ப்கிரவுண்ட் இருக்கு, சரளைக்கல் மைதானம், பாக்க ஒண்ணும் அழகில்ல, ஆனா ஜெனரேட்டர் போடலாம் (ராத்திரில இல்ல). டெக்ஸாஸ் ஸ்பிரிங்ஸ் கேம்ப்கிரவுண்ட் அழகான இடம்தான், ஆனா அங்க ஜெனரேட்டரே கூடாது. டிசம்பர் ராத்திரி 4 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இறங்கும், ஹீட்டர் கேஸ்ல ஓடினாலும் அதோட ஃபேன் பேட்டரியத்தான் குடிக்கும், விடியறதுக்குள்ள பேட்டரி படுத்துச்சுன்னா மாமியார்கிட்ட நீங்கதான் பதில் சொல்லணும்.

சமையல் பத்தி ஒண்ணு. குடிக்கற தண்ணி தீரும்னு எல்லாரும் கவலைப்படுவாங்க, ஆனா நம்ம வீட்டு சமையலுக்கு முதல்ல நிறையறது பாத்திரம் கழுவற தண்ணி போற டேங்க்தான். சாம்பார் சட்டி, எண்ணெய் வாணலின்னு தேய்ச்சா ரெண்டாவது நாளே நிறைஞ்சு குளிக்கற இடத்துல எதுத்துக்கிட்டு வரும், அனுபவம். அதனால புளிசாதம், சப்பாத்தி, தொக்குன்னு கொண்டுபோங்க, தட்ட முதல்ல பேப்பர்ல துடைச்சிட்டு கழுவுங்க. டேங்க காலி பண்ண சன்செட்லயே டம்ப் ஸ்டேஷன் இருக்கு, கையுறை மறக்காதீங்க.

கேள்வி: பேர்லயே சாவு இருக்குன்னு மாமியார் பயப்படுறாங்க. என்ன சொல்லி சமாதானப்படுத்த?

பதில்: 1849 குளிர்காலத்துல தங்கம் தேடி கலிபோர்னியா கிளம்பின கூட்டம் வழி தப்பி அங்க மாட்டிக்கிச்சு, வெளிய போகும்போது திரும்பிப் பாத்து வச்ச பேருதான் அது. பள்ளத்தாக்குக்குள்ள இறந்தது ஒருத்தர்தான்னு சொல்வாங்க. அதுக்கு ரொம்ப முன்னாடியே டிம்பிஷா ஷோஷோனிங்கற பூர்வகுடி மக்கள் அங்க குடும்பத்தோட வாழ்ந்துட்டு இருந்தாங்க, இன்னிக்கும் ஃபர்னஸ் க்ரீக்லயே அவங்க கிராமம் இருக்குன்னு சொல்லுங்க.

பயப்பட வேண்டியது கோடைக்குத்தான். 1913 ஜூலை 10-ல 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான ஊரு அது, கோடைல தங்களோட வண்டிய உள்ள கொண்டுபோகவே கூடாதுன்னு ஒப்பந்தத்துல போடற வாடகை கம்பெனிகளும் உண்டு. டிசம்பர்ல மாமியாருக்கு ஒரு ஸ்வெட்டரும் மங்கி கேப்பும் எடுத்து வைங்க. ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சிட்டு ஒரு நாற்காலி போட்டு வெளிய உக்கார வைங்க, அவங்க சின்ன வயசுல மொட்டைமாடில படுத்துப் பாத்த அத்தனை நட்சத்திரமும் அங்க இருக்கும்.