ஒரே சைத்தோ, நாலு எழுத்து

அண்ணா வணக்கம். நான் கோவையில ஒரு ஐடி கம்பெனில ஜப்பான் கிளையன்ட் டீம்ல இருக்கேன். ஒன்றரை வருஷமா ஜப்பானிய மொழி படிக்கிறேன். போன வாரம் சைத்தோ-சான்னு ஒருத்தருக்கு மெயில் போட்டப்போ கீபோர்டு முதல்ல காட்டின கான்ஜியையே (சீனாவுல இருந்து ஜப்பானுக்கு வந்த எழுத்து) தட்டிட்டேன். அவர் ஒண்ணும் சொல்லல, ஆனா எங்க மேனேஜர் கூப்பிட்டு "பேரையே தப்பா எழுதியிருக்க"ன்னு அரை மணி நேரம் திட்டினார். எப்படி எழுதினாலும் சைத்தோன்னுதானே படிக்கணும்? அகராதியில ஒண்ணுக்கு 'சமம்', இன்னொண்ணுக்கு 'விரதம், சுத்தம்'னு இருக்கு. அடுத்து வர்ற எழுத்து விஸ்டீரியா பூ. சமமான பூ, விரதப் பூ, இதுல என்ன அர்த்தம் இருக்கு? ஜப்பான் குடும்பப் பேருக்கெல்லாம் அர்த்தம் போட்டு ஒரு பட்டியல் தர முடியுமா? அவர்கிட்ட மறுபடி மன்னிப்பு கேக்கணுமா?

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார், அதனால போடல.)

தம்பி, வணக்கம்.

அரை மணி நேரம் திட்டினது ரொம்ப அதிகம், ஆனா விஷயம் சின்னது இல்ல. பட்டியல் மட்டும் கேக்காதீங்க, ஏன்னா அந்த மாதிரி பட்டியல்தான் உங்களக் குழப்பியிருக்கு. ஒவ்வொரு கான்ஜிக்கும் அகராதி பாத்து ரெண்டையும் சேத்தா பேரோட அர்த்தம் வந்துரும்னு நினைக்கிறோம். சில பேருக்கு வரும், தனாகான்னா வயல் நடு, யமாதான்னா மலை வயல், இஷிபாஷின்னா கல் பாலம் (1931ல டயர் கம்பெனி ஆரம்பிச்ச இஷிபாஷி அதைத்தான் இங்கிலீஷ்ல திருப்பிப் போட்டு பிரிட்ஜ்ஸ்டோன்னு பேர் வச்சார்). ஆனா நிறைய குடும்பத்துல எழுத்து வந்தது அர்த்தத்துக்காக இல்ல, நாங்க யார் வழி, எந்த ஊர்னு காட்டுறதுக்காக.

உங்க விஸ்டீரியாவையே எடுத்துக்கோங்க. அது பூ இல்ல தம்பி, ஃபுஜிவாரா வம்சம், பழைய ஜப்பான் அரசவையில பெரிய கை. அந்தப் பேர்ல இருக்குற 'ஃபுஜி'தான் ஜப்பான் மொழியில விஸ்டீரியா, அதே எழுத்தை சீன உச்சரிப்புல படிச்சா 'தோ'. ஃபுஜிவாரா ஆளுங்க நாலா பக்கமும் உத்தியோகம், நிலம்னு போனப்போ அந்த ஊரோட முதல் எழுத்தையும் வம்சத்தோட எழுத்தையும் சேத்து வச்சிக்கிட்டாங்க, இசே நாட்டுல (நாடுன்னா அந்தக் காலத்து மாகாணம்) இத்தோ, காகாவுல காத்தோ. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது கொந்தோவும் எந்தோவும். அகராதிப்படி பாத்தா 'பக்கத்துப் பூ', 'தூரத்துப் பூ', கேக்கவே விசித்திரமா இருக்கும். பழைய தலைநகரத்துக்குப் பக்கத்துல பெரிய ஏரி ஒண்ணு, பிவா ஏரி, அது இருக்குற ஓமி நாட்டை 'பக்கத்து ஏரி'ன்னு எழுதினாங்க, தூரத்துல ஹமனா ஏரி இருக்குற தோதோமி நாட்டை 'தூரத்து ஏரி'ன்னு எழுதினாங்க. பக்கத்து ஏரி நாட்டு ஃபுஜிவாரா கொந்தோ, தூரத்து ஏரி நாட்டு ஃபுஜிவாரா எந்தோ, அவ்வளவுதான்.

சைத்தோவுல ஊர் இல்ல, பதவி. இசே கோயில்ல அரச குடும்பத்துப் பொண்ணு ஒருத்தர் விரதம் இருந்து சேவை பண்ணுவாங்க, அவங்களுக்குன்னு தனி அலுவலகமே இருந்துச்சு, அதுக்குத் தலைவரா இருந்த ஒரு ஃபுஜிவாரா வழிதான் சைத்தோன்னு சொல்வாங்க. அதனாலதான் அந்த 'விரதம்' எழுத்து, அதுக்கு உள்ள கீழே பாத்தீங்கன்னா பூஜை பீடத்தைக் காட்டுற உறுப்பு தெரியும். 'சமம்' எழுத்து வேற எழுத்து, பாக்க ஒரே ஜாடை, எழுதவும் சுருக்கம், அதனால கலந்துருச்சு. ரெண்டுக்கும் பழைய வடிவம் தனித்தனியா இருக்கு, ஆக மொத்தம் நாலு. எழுதுற கோடு எண்ணினா எட்டு, பதினொண்ணு, பதினாலு, பதினேழு.

1870ல சாதாரண ஜனங்களும் குடும்பப் பேர் வச்சிக்கலாம்னு அரசாங்கம் சொன்னுச்சு, 1875ல எல்லாரும் கட்டாயம் வச்சிக்கணும்னு ஆயிருச்சு, பதிவேடெல்லாம் கையால எழுதினதுதான், எது பதிவாச்சோ அதுவே அந்தக் குடும்பத்துக்கு நிலைச்சுது. 1946ல எழுத்துப் பட்டியல் வெட்டிச் சுருக்கினாங்க, அதுக்கப்புறமும் பழைய வடிவத்தை விடாம வச்சிருக்கிற குடும்பங்க நிறைய. 'சமம்' போடுற சைத்தோவைப் பாத்து நீங்க தப்பா எழுதுறீங்கன்னு யாரும் சொல்ல முடியாது, அது அவங்க தாத்தா கையெழுத்துப் போட்ட எழுத்து.

அர்த்தம் பாத்தே மாத்தினதும் உண்டு. நாணலுக்கு 'ஆஷி'ன்னு பேர், அதே சத்தத்துல 'கெட்டது'ன்னும் ஒரு சொல் இருக்கு, அதனால 'யோஷி', அதாவது 'நல்லது'ன்னு மாத்திச் சொன்னாங்க, எழுதும்போதும் நாணல் எழுத்தை விட்டுட்டு மங்கல எழுத்தைப் போட்டாங்க. பல யோஷிதா குடும்பத்துக்கு மூலம் நாணல் வயல்தான்னு சொல்றாங்க. விளக்கை அணைன்னு சொல்லாம அமத்துன்னு சொல்றோம்ல, அந்த மனசுதான்.

இன்னொண்ணு, வதனுகின்னு அபூர்வமான பேர் இருக்கு. எழுதுறது நாலு எழுத்து: நாலு, மாசம், ஒண்ணு, நாள். அதுல எந்த எழுத்தைப் படிச்சாலும் 'வத'வும் வராது 'நுகி'யும் வராது. வதன்னா பஞ்சு, நுகின்னா உருவுறது. பழைய நாள்காட்டியில நாலாம் மாசம் முதல் தேதி குளிர் விட்டுரும், பஞ்சு வச்சுத் தைச்ச உடுப்பைப் பிரிச்சு பஞ்சை எடுத்துருவாங்க, அதனால தேதியை எழுதிட்டு செய்யிற வேலையைப் படிக்கிறாங்க. இதை முதல் தடவை ஒருத்தர் எனக்கு விளக்கினப்போ அன்னைக்குப் பூரா அதே நினைப்பா இருந்தேன்.

யோகோஹாமாவுல நான் குடியிருந்த வீட்டு ஓனரம்மா பேர் கவாய். போன்ல யாருக்காவது பேர் சொன்னாங்கன்னா உடனே "மூணு கோடு கவா இல்ல, தண்ணித் துளி கவா"ன்னு சேத்துச் சொல்வாங்க. மூணு நேர்கோடா எழுதுற ஆறு ஒண்ணு, இடப்பக்கம் மூணு துளி வச்சு எழுதுற ஆறு ஒண்ணு, ரெண்டுக்கும் அர்த்தம் ஆறுதான். எதிர்ல இருக்கிறவருக்குத் தெரியவே போறதில்ல, ஆனாலும் ஆள்காட்டி விரல் இடது உள்ளங்கையில அந்த மூணு துளியையும் ஒண்ணு ஒண்ணா வைக்கும். எண்பது வயசுல தன் பேர இன்னொருத்தர் சரியா எழுதணும்னு அவங்களுக்கு இருந்த அக்கறைய நான் மறக்கவே மாட்டேன்.

சத்தம் ஒண்ணுதானேன்னு கேட்டீங்க. அங்க சத்தம் ரெண்டாவதுதான். கோசெக்கின்னு குடும்பப் பதிவேடு இருக்குல்ல, அதுல 2025 மே 26ல புதுச் சட்டம் நடைமுறைக்கு வர்ற வரைக்கும் பேர எப்படி உச்சரிக்கணும்னு குறிப்பே கிடையாது, வெறும் எழுத்துதான். இப்பத்தான் உச்சரிப்பும் ஏறுது. அவ்வளவு காலம் எழுத்துதான் ஆளு.

இனிமே அவர் மெயில் அடியில அவரே போட்டிருக்கிற பேரைக் காப்பி பண்ணி ஒட்டுங்க, கீபோர்டை நம்பாதீங்க, அது முதல்ல காட்டுறது அவர் பேர் இல்ல. அடுத்த மெயில் ஆரம்பத்துல "உங்க பேரைத் தவறான எழுத்துல எழுதிட்டேன், மன்னிக்கணும்"னு ஒரே ஒரு வரி, அப்புறம் வேலை விஷயம், நீட்டி எழுதினா அவருக்குத்தான் சங்கடம். நேர்ல பாக்கும்போது கார்டு குடுப்பார், ரெண்டு கையாலயும் வாங்கி, பைக்குள்ள வைக்காம, நாலுல எந்த சைத்தோன்னு பாருங்க, அந்தப் பீடம் இருக்கான்னு பாருங்க.