சட்ட ஆலோசனை: எஞ்சினை இன்னொரு முறை திறக்க விடாதீர்கள்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். சொந்தமாக ஒரு டீசல் டாக்ஸி வைத்து நானே ஓட்டுகிறேன். வண்டி அடிக்கடி ஹீட் ஆனதால், பொள்ளாச்சியில் தெரிந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது, 28,000 ரூபாயில் முடித்துத் தருகிறேன் என்றார்கள். ஹெட்டைக் கழற்றிய பிறகு, அதில் கீறல் விழுந்திருக்கிறது, வேறு ஹெட் போட வேண்டும் என்று போனில் சொன்னார்கள். கழற்றிய கையோடு போர்ட் பாலிஷ் (ஹெட்டில் காற்று போகும் வழியை வழவழப்பாக்குவது) செய்து, புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் இ.ஜி.ஆர். வால்வை அடைத்து, எஞ்சின் கம்ப்யூட்டரின் நிரலை மாற்றி எழுதும் ரீமேப்பும் செய்தால் பிக்கப்பும் மைலேஜும் கூடும் என்றார்கள். சரி என்றேன். கடைசியில் 71,000 ரூபாய் கட்டி வண்டியை எடுத்தேன். இரண்டு வாரம் ஆவதற்குள் குருவாயூர் சவாரி முடித்துத் திரும்பும்போது சூடு காட்டும் ஊசி ஏறி எஞ்சின் நின்றுவிட்டது. மீட்பு வண்டியில் அதே ஒர்க்‌ஷாப்புக்கே கொண்டுபோனேன். தண்ணீர் இல்லாமல் ஓட்டியது என் தவறு என்கிறார்கள். திறந்து பார்க்கவே 40,000 ரூபாய் முன்பணம் வேண்டுமாம். வேண்டாமென்றால் நிறுத்திய வாடகை 6,000 ரூபாய் கட்டிவிட்டு எடுத்துப் போகச் சொல்கிறார்கள். பழைய ஹெட்டைக் கேட்டால் இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டோம் என்கிறார்கள். நான் கேரளாவில் இருக்கிறேன், அவர்கள் தமிழ்நாட்டில். எங்கே வழக்குப் போடுவது? போலீசுக்குப் போகலாமா? இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பதில்: வழக்கு, போலீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் பிறகு. முதல் வேலை, அந்த எஞ்சினை யாரும் திறக்காமல் பார்த்துக்கொள்வது. அந்த ஒர்க்‌ஷாப்காரரும் திறக்கக் கூடாது, உங்கள் ஊரில் இரக்கப்பட்டு உதவ வரும் மெக்கானிக்கும் திறக்கக் கூடாது. இந்த மாதிரி வழக்குகள் தோற்பது சட்டத்தால் அல்ல. சாட்சியாக நிற்க வேண்டிய கேஸ்கெட்டும் போல்ட்டும் குப்பைக்குப் போய்விட்டதால்தான். சேவையில் குறைபாடு இருந்தது என்று முதலில் காட்ட வேண்டியது புகார் கொடுப்பவர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் எஸ்.ஜி.எஸ். இந்தியா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் கையில் இருக்கும் ஒரே பெரிய சாட்சி இறுகிப்போன அந்த எஞ்சின்.

வண்டியை அங்கேயே விட்டுவைப்பதும் ஆபத்துதான். எதிர்த்தரப்பின் வளாகத்தில் கிடக்கும் எஞ்சின் ஒரு ராத்திரியில் 'சரிபார்க்கப்பட்டு'விடும். ஆகவே எடுத்துவிடுங்கள். அந்த 6,000 ரூபாயைக் கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறதா? என் கருத்தில் இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 170-ஆம் பிரிவு, பொருளின் மீது உழைப்போ திறமையோ செலவழித்தவருக்கு அதற்கான கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்கும் பற்றுரிமையைத் தருகிறது. அது அந்தப் பொருளில் செய்த வேலைக்கான கூலிக்கு மட்டும்தான். முதல் வேலைக்கான முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு வண்டியைக் கையில் கொடுத்துவிட்டார்கள்; அந்த உரிமை அன்றோடு முடிந்தது. இரண்டாம் முறை அவர்கள் ஸ்பேனரைக்கூடத் தொடவில்லை. வேலையே செய்யாதவருக்கு எந்தக் கூலிக்காகப் பற்றுரிமை? நிறுத்த வாடகை பற்றி முன்கூட்டி ஒப்பந்தம் எதுவும் இருந்ததாக நீங்கள் சொல்லவில்லை. பொதுவான பற்றுரிமை 171-ஆம் பிரிவில் வங்கி, தரகர் போன்ற சிலருக்கு மட்டுமே இருக்கிறது. அந்தப் பட்டியலில் ஒர்க்‌ஷாப் இல்லை.

இருந்தாலும் 6,000 ரூபாய்க்காக மாதக்கணக்கில் மல்லுக்கட்டச் சொல்ல மாட்டேன். பணமாகக் கொடுக்காமல் ஜிபேயில் அனுப்புங்கள். 'எதிர்ப்புத் தெரிவித்துச் செலுத்துகிறேன், திரும்பக் கேட்கும் உரிமையோடு' என்று வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பிவிடுங்கள். மீட்பு வண்டியில் ஏற்றுவதற்கு முன் அங்கேயே பானட்டைத் திறந்து, வால்வு கவர் போல்ட் ஒவ்வொன்றின் தலையிலிருந்து கவரின் மேல்வரை குறுக்காக நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு யார் போல்ட்டைத் திருப்பினாலும் கோடு விலகிவிடும். மீட்டர், சேஸிஸ் எண், ரேடியேட்டர் தொட்டியில் கூலன்ட் நிற்கும் மட்டம், டிப்ஸ்டிக்கில் ஒட்டும் எண்ணெயின் நிறம் எல்லாம் படத்தில் இருக்கட்டும். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால், கூலன்ட் எண்ணெயோடு கலந்திருக்கிறது என்று பொருள். ஹெட் பக்கம் கசிவு இருப்பதற்கு அது நல்ல அடையாளம். வெளியே வந்ததும் ஸ்கேனர் போட்டு, எஞ்சின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும் பிழைக் குறியீடுகளை அச்சிட்டு வாங்குங்கள். அதுவரை பேட்டரியைக் கழற்ற வேண்டாம். சில வண்டிகளில் பதிவு அழிந்துவிடும்.

அடுத்து, எங்கே வழக்கு? பாலக்காட்டிலேயே. பழைய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நீங்கள் கோவைக்குத்தான் போயிருக்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 34-ஆம் பிரிவின்படி, புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம். மாநில எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் ஒர்க்‌ஷாப் இருப்பது தடையே இல்லை. சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி தளத்தில் இணையவழியாகவே தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். காலவரம்பு இரண்டு ஆண்டு. தமிழில் எழுதிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு ஆகியவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் இரண்டு வாய்தா அதிலேயே போகும்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுக்கப்போகும் ஆயுதம் எனக்குத் தெரியும்: 'டாக்ஸி வணிக நோக்கம், ஆகவே இவர் நுகர்வோரே அல்ல.' இதற்கான பதில் நம் பக்கத்து ஊர் வழக்கு ஒன்றிலேயே இருக்கிறது. கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனத்தில் எந்திரம் வாங்கிய லட்சுமி என்ஜினியரிங் என்ற நிறுவனம் 1995-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஆனால் அதே தீர்ப்பில், ஆட்டோவை வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்று நீதிமன்றம் விளக்கியது. இன்றைய சட்டமும், சுயதொழிலாக வாழ்வாதாரத்துக்கு மட்டுமே பயன்படுத்துவதை வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. ஒரே வண்டி, நீங்களே ஓட்டுநர், இதுவே பிழைப்பு. இந்த மூன்றையும் புகாரின் முதல் பக்கத்திலேயே எழுதி, உறுதிமொழிப் பத்திரத்திலும் சொல்லுங்கள். வேறு யாருக்காவது வாடகைக்கு விட்டு ஓட்டச்சொல்லியிருந்தால் இப்போதே என்னிடம் சொல்லிவிடுங்கள். அது கதையை மாற்றும்.

புகாரோடு கூடவே, நிபுணர் ஆணையரை (ஆணையத்துக்காக எஞ்சினைப் பார்த்து அறிக்கை தருபவர்) நியமிக்கக் கேட்டு ஒரு மனு போடுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளரையோ பாலிடெக்னிக் ஆட்டோமொபைல் ஆசிரியரையோ கேட்கலாம். இரு தரப்பும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் முன்னால்தான் ஹெட் கழற்றப்பட வேண்டும். வெறுமனே 'பழுது என்ன?' என்று கேட்டால் வெறுமையான அறிக்கைதான் வரும். குறிப்பாகக் கேளுங்கள். ஹெட்டின் முகத்தில் நேர்ச்சட்டத்தை வைத்து ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்தால் எத்தனை மில்லிமீட்டர் வளைவு தெரிகிறது? ஃபேசிங் செய்த (முகத்தைச் சமமாகச் சீவிய) தடம் உண்டா? போட்டிருக்கும் ஹெட்டில் பழைய வெல்டிங், கீறல் இருக்கிறதா. கசிவைக் கண்டுபிடிக்கும் பிரஷர் டெஸ்ட் செய்த அடையாளம் உண்டா? பல டீசல் எஞ்சின்களில் கேஸ்கெட் வெவ்வேறு தடிமனில் வரும். ஓரத்தில் உள்ள துளை அல்லது வெட்டைக் கொண்டு எது என்று அடையாளம் காணலாம். சரியான தடிமன்தானா? ஒருமுறை முறுக்கினால் நீண்டுவிடும் வகை ஹெட் போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டார்களா, பழையதையே திரும்ப முறுக்கினார்களா?

இவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. கேஸ்கெட் பெரும்பாலும் தானாகப் போவதில்லை. தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர், விசிறி இவற்றில் ஏதோ ஒன்று முதலில் கெட்டு, சூடு ஏறி, அதற்குப் பிறகுதான் ஹெட் வளைகிறது. நீங்கள் வண்டியைக் கொண்டுபோனதே ஹீட் ஆகிறது என்றுதான். காரணத்தைத் தேடாமல் ஹெட்டை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தால் அதுவே சேவைக் குறைபாடு. 'வாட்டர் பம்ப் எங்கள் வேலை அல்ல' என்று அவர்கள் சொன்னால், அந்த வாக்குமூலமே உங்களுக்கு வேலை செய்யும்.

உங்கள் ரசீதைப் பார்த்தேன். கடையின் பெயர் அச்சிட்ட தாளில் 'ஹெட் வேலை மொத்தம் 71,000' என்று ஒரே வரி. உதிரிபாகம் எவ்வளவு, கூலி எவ்வளவு, ஜி.எஸ்.டி. எண் எது, ஒன்றும் இல்லை. எல்லையோர ஊர்களில் 'பில் போட்டால் 18 சதவீதம் கூடும் சார்' என்று சொல்லி இப்படித்தான் எழுதிக் கொடுக்கிறார்கள், நாமும் வாங்கிக்கொள்கிறோம். இனி நோட்டீசில் பிரித்துக் கேளுங்கள். தராவிட்டால் அதையும் புகாரில் சேருங்கள். 28,000 ரூபாய் 71,000 ஆனது எந்தக் குறுஞ்செய்தியில், எந்த நாளில் என்பதைத் தேடி எடுங்கள். அலைபேசியிலிருந்து எடுத்த அச்சுப் பிரதிகளோடு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழையும் (மின்னணுப் பதிவுக்கானது) வைத்துவிடுவது நல்லது.

பழைய ஹெட் உங்கள் சொத்து. உங்களைக் கேட்காமல் இரும்புக்கடைக்குப் போட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. கீறல் விழுந்தது என்ற பேச்சே உண்மையா என்று சோதிக்கும் வாய்ப்பையும் அழித்துவிட்டார்கள். காட்ட வேண்டிய சாட்சியைக் காட்டாதவருக்கு எதிராக அனுமானம் செய்யும்படி ஆணையத்தைக் கேட்கலாம். போலீஸ்? நம்பிக்கை மோசடி என்று பாரதிய நியாய சன்ஹிதா 316-ஆம் பிரிவில் புகார் எழுதலாம்தான். ஆனால் பொள்ளாச்சி நிலையத்தில் சிவில் வழக்கு என்று சொல்லி அனுப்பிவிடவே வாய்ப்பு அதிகம். அந்த ஓட்டத்தில் உங்கள் வருமானம் இன்னும் போகும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் போகமாட்டேன்.

இன்சூரன்சை மறந்துவிடுங்கள். எந்திரக் கோளாறும் தேய்மானமும் சாதாரண வாகனப் பாலிசியில் விலக்கப்பட்டவை.

இழப்பீடாக, நீங்கள் கட்டிய 71,000 ரூபாய் (கடைசியில் சொல்லும் ஒரு பகுதி நீங்கலாக), மீட்பு வண்டிச் செலவு, எஞ்சினைச் சரிசெய்ய ஆகும் மதிப்பீடு, ஓடாத நாட்களின் வருமானம், மன உளைச்சல் ஆகியவற்றைக் கேட்கலாம். வருமானத்துக்கு வங்கிக் கணக்கும் சவாரிப் பதிவுகளும் வேண்டும், வாய்ச்சொல் போதாது. இழப்பைக் குறைக்க நீங்களும் முயன்றிருக்க வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு விளக்கம். ஆகவே ஆணையர் பார்வையிட்டு முடித்த மறுநாளே வேறு இடத்தில் வேலையை ஆரம்பித்துவிடுங்கள். தீர்ப்பு வரும்வரை வண்டியைத் துருப்பிடிக்க விடாதீர்கள். பார்வையிடலை விரைவுபடுத்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவும் கேட்கலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அந்த மலிவு விலை மேம்பாடுகள் உங்கள் வழக்கின் பலவீனம். ஹெட் கழற்றிய கையோடு வால்வு லேப்பிங் (வால்வு கசியாமல் உட்காரும்படி தேய்ப்பது), புது ஆயில் சீல், தெர்மோஸ்டாட் மாற்றம் செய்வதெல்லாம் நல்ல சிக்கனம். கழற்றும் கூலி ஒருமுறைதான். போர்ட் பாலிஷிலும் எஞ்சினின் கொள்ளளவு (சி.சி.) மாறுவதில்லை. ஆனால் இ.ஜி.ஆர். வால்வு புகைக் கட்டுப்பாட்டுக்காகத் தயாரிப்பாளர் வைத்தது. அதை அடைப்பதும் கம்ப்யூட்டரை மாற்றி எழுதுவதும் வேறு ரகம். தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்பை மாற்றக் கூடாது என்று, கேரளத்திலிருந்து போன வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்குப் பொருள் சொன்னது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கே ஆறு மாதம் வரை சிறையோ, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 'ரீமேப்பால்தான் சூடு ஏறியது, கேட்டது இவர்தான்' என்று அவர்கள் சொல்வார்கள். ஆகவே அந்தப் பகுதிக்கான பணத்தைத் திரும்பக் கேட்காதீர்கள். இந்த யோசனையைச் சொன்னது அவர்கள், சட்டவிரோதம் என்று எச்சரிக்கவில்லை என்ற உண்மையை மட்டும் பதிவு செய்யுங்கள். ஆணையர் பார்வைக்குப் பிறகு வண்டியை அசல் மென்பொருளுக்குத் திருப்பி, இ.ஜி.ஆர். அடைப்பை எடுத்துவிட்டுத்தான் அடுத்த எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று ஆய்வு) கொண்டுபோக வேண்டும்.

நோட்டீசை இந்த வாரமே ஸ்பீட் போஸ்ட்டில், பதிவு வசதியோடு அனுப்புங்கள். பதினைந்து நாள் கெடு கொடுங்கள். எஞ்சினைத் திறக்கக் கூடாது என்ற வரி அதில் முதலில் வரட்டும்.